ஒரு நாளைக்கு 3 டாலர்: உலக வறுமைக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

திண்ணைவாசி

ரெண்டு நாளா எல்லா வாட்ஸ்அப் குழுவிலயும் ஒரே ஃபார்வர்டுதான் ஓடுது. உலக வங்கி வறுமைக் கோட்டை 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்திடுச்சாம். அப்படி உயர்த்தியும் 2022-23ல இந்தியாவில் கடும் வறுமை 5.3 சதவீதம்தானாம். கீழே தேசியக் கொடி, கை கூப்பல் எல்லாம்.

எனக்கு ஒரு சின்னக் கணக்கு இடிக்குது. டாலருக்கு 85 ரூபாய்னு வச்சா 3 டாலர் 255 ரூபாய். வீட்டில் நாலு பேர்னா ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம், மாசம் முப்பதாயிரம். எங்க தெருவில் முப்பதாயிரம் பார்க்காத வீடுதான் அதிகம். அப்போ அந்த 5.3 எங்கிருந்து வந்துச்சு? தெரிஞ்சவங்க விளக்குங்க. கட்சிச் சண்டை வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

ஏட்டுச்சுரைக்காய்

அண்ணே, 85ஆல் பெருக்கின இடத்திலதான் சிக்கல். இந்த டாலர் வங்கியில் மாத்துற டாலர் இல்லை. 2021ல அமெரிக்காவில் 3 டாலர் கொடுத்து என்ன வாங்கலாமோ, அதே அளவுச் சாமானை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேணும் என்பதுதான் கேள்வி. இதைத்தான் வாங்கும் திறன் சமநிலை, சுருக்கமா பிபிபி என்கிறாங்க. அந்தக் கணக்கில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 20 ரூபாய். ஆக 3 டாலர் என்பது 2021 விலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் சுமார். நாலு பேர் வீட்டுக்கு மாசம் ஏழாயிரத்துச் சொச்சம்.

இன்னொன்று, இது சம்பளக் கணக்கு இல்லை, செலவுக் கணக்கு. சொந்த வயல் நெல்லு, வீட்டுப் பசும்பால் எல்லாத்துக்கும் ஒரு விலை போட்டு உள்ளே சேர்த்துடுவாங்க.

இடிமுழக்கம்

ஏழாயிரத்துச் சொச்சத்தில் நாலு பேரா? அதுக்கு மேல ஒரு நூறு ரூபாய் செலவு பண்ணிட்டா அந்த வீடு 'கடும் வறுமை இல்லை' கணக்கில் வந்துடும். யாருய்யா இந்தக் கோட்டைப் போட்டது? ஏசி அறையில் உட்கார்ந்து போட்டதா?

ஏட்டுச்சுரைக்காய்

ஏசி அறைதான். ஆனா அவங்க புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலை. உலக வங்கியின் 1990ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கைக்காக மார்ட்டின் ரவாலியன் குழு செய்த வேலை ரொம்ப எளிமையானது. நாடுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வறுமைக் கோடுகளைச் சேகரிச்சாங்க. 1985 விலையில் ஒரே பணமா மாத்திப் பார்த்தாங்க. ரொம்ப ஏழையான சில நாடுகளின் கோடுகள் மாசம் 31 டாலரைச் சுற்றி நின்னுச்சு. அதுதான் 'ஒரு நாளைக்கு ஒரு டாலர்'. சொல்ல எளிது, பத்திரிகைத் தலைப்புக்கும் பொருத்தம். அப்படியே ஒட்டிக்கிச்சு.

பிறகு விலைக் கணக்கெடுப்பு மாற மாற 1.08, 1.25, 1.90, 2.15, இப்போ 2025 ஜூனில் 3.00. இந்தத் தடவை ஏறினதுக்கு விலைவாசி மட்டும் காரணம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பல நல்ல ஆய்வுப் படிவத்துக்கு மாறி, தங்கள் தேசியக் கோட்டையே மேலே தூக்கிட்டாங்க. ஏழை நாடுகளின் கோடுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பதுதான் முறை. அதனால் அங்கே மாறினா இங்கேயும் மாறும். பெனினிலும் நைஜரிலும் படிவம் மாறினதால் பீகாரில் யார் ஏழை என்பது மாறுது. எனக்கு இது வேடிக்கையாத்தான் படுது.

இடிமுழக்கம்

நம்ம ஊர்க் கோடு மட்டும் யோக்கியமா? 2011ல திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணுச்சே, நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்னு. நாடே சிரிச்சது.

ஏட்டுச்சுரைக்காய்

பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் குழுக் கோடு அது. 2011-12க்குக் கிராமத்தில் மாசம் 816, நகரத்தில் 1,000 ரூபாய். நாட்டில் 21.9 சதவீதம் ஏழைகள். ரங்கராஜன் குழு 2014ல நாளைக்கு 32, 47னு கொஞ்சம் தூக்கினதும் அதே வருஷத்துக்கு 29.5 சதவீதம். அதுக்கு முன்னாடி 1979ல அலக் குழு, கிராமத்தானுக்கு 2,400 கலோரி, நகரத்தானுக்கு 2,100 கலோரினு வச்சு, 1973-74 விலையில் மாசம் 49 ரூபாய், 56 ரூபாய்ச் சொச்சம்னு கோடு போட்டாங்க. இன்னும் பின்னாடி போனா தாதாபாய் நவ்ரோஜி. சிறைக் கைதிக்கு அரசு கொடுக்கிற சோறு, துணிக் கணக்கை எடுத்து, வெளியில் இருக்கிற இந்தியனுக்கு அது கூடக் கிடைக்கலைனு 1870களிலேயே வெள்ளைக்காரனிடம் வாதாடினார். என் கண்ணில் இன்னிக்கு வரை அதுதான் நேர்மையான கோடு. எதை அளக்கிறோம்னு ஒளிக்காமச் சொல்லிட்டார்.

கதவுதட்டி

எல்லாரும் கோட்டையே பிடிச்சுத் தொங்குறீங்க. நான் சில வருஷம் வீட்டுச் செலவு ஆய்வுக்குக் களப்பணி பார்த்தவள். கோடு மேலே கீழே போறதைவிட, வாசலில் நின்னு எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் ஆள் தலைகள் மாறுது.

நடக்கிறது இதுதான். படிவத்தில் நூற்றுக்கணக்கான பொருள். 2011-12ல 347, 2022-23ல 405. 'போன 30 நாளில் என்ன எண்ணெய், எவ்வளவு, என்ன விலை?' அந்த அம்மா அடுப்பில் உலை வச்சிட்டு வந்து நிக்கிறாங்க. எண்ணெய் பாக்கெட் நினைவிருக்கும். கொசுறா வாங்கின கருவேப்பிலை, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அஞ்சு ரூபாய் பிஸ்கட் நினைவிருக்காது. வீட்டுக்காரர் டீக்கடையில் என்ன செலவு பண்றார்னு அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சாலும் மாமியார் பக்கத்தில் இருந்தா சொல்ல மாட்டாங்க. மணி நேரம் ஆக ஆகப் பதில் சுருங்கிக்கிட்டே வரும். 'அதெல்லாம் இல்லைங்க, இல்லைனு போட்டுக்குங்க' என்பாங்க.

30 நாளுக்குப் பதிலா 'போன 7 நாளில்'னு கேட்டா காய்கறி, மீன், முட்டை, வெளிச்சாப்பாடு எல்லாம் கூடுதலா வரும். செலவு கூடினா ஏழை குறைவார். நாங்க இதைத் திண்ணையில் பேசிச் சிரிப்போம். பெரியவங்களுக்கு இது தெரியாம இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்

அக்கா சொன்னதுக்கு எண் இருக்கு. 2011-12ல ரெண்டு வகைப் படிவத்தோட ஆய்வு நடந்தது. பழைய முறையில் எல்லாத்துக்கும் 30 நாள். புது முறையில் சில உணவுக்கு 7 நாள், மத்த உணவுக்கு 30 நாள், துணிமணி, மருத்துவமனை போன்றதுக்கு ஒரு வருஷம். அப்போதைய 1.90 டாலர் கோட்டில் பழைய படிவப்படி இந்தியாவில் ஏழைகள் 21.2 சதவீதம். புதுப் படிவப்படி 12.4 சதவீதம்.

நாடு, வருஷம், கோடு எல்லாம் ஒண்ணுதான். மாறினது கேள்வி மட்டும். பத்துக் கோடிப் பேர் அந்த இடைவெளியில் இருக்காங்க.

1999-2000ல இன்னும் கூத்து. ஒரே வீட்டில் 7 நாளும் கேட்டு 30 நாளும் கேட்டாங்க. பதில் சொன்னவங்க ஒண்ணை வச்சு இன்னொண்ணைச் சரிக்கட்டிட்டாங்க. அந்த எண்ணை முந்தைய ஆய்வோட ஒப்பிடலாமா கூடாதானு பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டன் உள்பட ஒரு பட்டாளமே வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, அது ஒரு தனிப் புத்தகமாவே வந்துச்சு.

பருத்திக்கொட்டை

சரி, ஒரு நாட்டுக்குள்ளேயே இந்தக் கதைன்னா, நாடு விட்டு நாடு?

ஏட்டுச்சுரைக்காய்

அங்கேதான் முழுக் குழப்பம். தான்சானியாவில் 2007-08ல வேணும்னே ஒரு சோதனை பண்ணாங்க. சுமார் 4,000 வீடுகளைக் குலுக்கல் முறையில் எட்டாப் பிரிச்சு, எட்டு விதமாக் கேட்டாங்க. ஒரு பிரிவுக்கு நீளப் பட்டியல், ஒரு பிரிவுக்குச் சின்னப் பட்டியல், இன்னொரு பிரிவுக்கு தினசரி நோட்டு, இப்படி. போதுமான கலோரி கிடைக்காதவங்க எத்தனை பேர் என்பதுக்கு ஒரு படிவம் 19 சதவீதம் என்றது, இன்னொரு படிவம் 68 சதவீதம் என்றது. குலுக்கல் என்பதால் பிரிவுகளுக்கு இடையில் பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை.

இந்த எட்டு முறைகளும் சோதனைக்கூடச் சரக்கு இல்லை. நடைமுறையில் ஏதோ ஒரு நாடு ஏதோ ஒண்ணைப் பயன்படுத்துது. ஒருத்தர் பட்டணம் படியால் அளந்த நெல்லையும் இன்னொருத்தர் மரக்காலால் அளந்த நெல்லையும் ஒரே குவியலில் கொட்டி, உலகத்தில் இவ்வளவு நெல் இருக்குனு சொல்ற மாதிரிதான்.

லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் செலவைக் கேட்கவே மாட்டாங்க, வருமானத்தைத்தான் கேட்பாங்க. வேலை போன மாசம் ஒரு வீட்டின் வருமானம் பூஜ்யம். ஆனா அந்த வீடும் அந்த மாசம் கடன் வாங்கியோ சேமிப்பை எடுத்தோ சாப்பிட்டுத்தான் இருக்கும். அவங்க ஏழையா? பிரேசில் கணக்கில் ஆம். அதே வீடு வியட்நாமில் இருந்தா இல்லை.

வன்னிக்காற்று

எங்கட பக்கக் கதையையும் சொல்லுறன். இலங்கையில் 2019 குடும்ப வருமானச் செலவின ஆய்வுப்படி உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஆளுக்கு மாசம் 6,966 ரூபாய், வறியவர் 14.3 வீதம். பிறகு 2022இல் எரிபொருள் வரிசை, மருந்து இல்லை, ஆண்டுப் பணவீக்கம் செப்டம்பரில் 70 வீதத்தை எட்டினது. உணவு விலை அதையும் தாண்டி ஓடினது. வறுமை 25 வீதமாகினது எண்டு எல்லாப் பத்திரிகையும் எழுதினவை.

அந்த 25ஐ ஆர் வீடுவீடாப் போய் எண்ணினது? ஒருத்தரும் இல்லை. நெருக்கடி வரேக்கை கையில் இருந்த கடைசி ஆய்வு 2019. அதை வைச்சுக்கொண்டு வருமானம் இவ்வளவு சுருங்கியிருக்கும் எண்டு கணினியில் ஓட்டி எடுத்த மதிப்பீடு அது. பிழை எண்டு நான் சொல்லேல்லை, கூடவும் இருக்கலாம். ஆனா இந்தியாவுக்கு 5.3 எண்டுற மாதிரி இலங்கைக்கு 25 எண்டு பக்கத்துப் பக்கத்தில் போடேக்கை வாசிக்கிறவருக்கு ரெண்டும் ஒரே சாதி எண்ணாத் தெரியுது. அந்த 25 வேற, அடுத்த படிநிலை நாடுகளுக்கு அப்ப இருந்த 3.65 டாலர் கோட்டுக்கு எடுத்தது. கோடும் வேற, ஆண்டும் வேற, ஒண்டு எண்ணினது மற்றது ஊகிச்சது.

திண்ணைவாசி

நைஜீரியாவும் இப்படித்தானே? ஆப்பிரிக்காவிலேயே அதிக மக்கள்தொகை, பத்து வருஷமா ஆய்வே இல்லைனு எங்கோ படிச்சேன்.

ஏட்டுச்சுரைக்காய்

2009-10க்குப் பிறகு 2018-19ல்தான் அடுத்தது கிடைச்சது. இடையில் வந்த 'இந்தியாவை நைஜீரியா முந்தியது' தலைப்புகள் எல்லாம் ரெண்டு பக்கமும் ஊகத்தின் மேல் ஊகம். 2018-19லயும் போகோ ஹராம் தீவிரவாதப் பிரச்சினையால் போர்னோ மாநிலம் தேசியக் கணக்கில் சேரலை. யாருக்கு ரொம்ப மோசமோ அவங்களைத்தான் எண்ண முடியலை. வீட்டு ஆய்வு என்றாலே வீடு இருக்கணும். அகதி முகாம், நடைபாதை, செங்கல் சூளைக் கொட்டகை இதிலெல்லாம் கணக்கெடுப்பு போய்ச் சேருவது அபூர்வம்.

இடிமுழக்கம்

எல்லாம் சரி. இந்தியாவில் 2017-18 ஆய்வை அரசு வெளியிடவே இல்லையே, அதைச் சொல்லாம நழுவுறீங்களே? செலவு குறைஞ்சிருந்துச்சுனு செய்தி கசிஞ்சதும் தரம் சரியில்லைனு தூக்கி ஓரமா வச்சுட்டாங்க. அப்புறம் படிவத்தை மாத்தி 2022-23ல எடுத்தா ஏழைகள் மாயம். இதுக்குப் பேர் என்ன?

நெறியாளர்

கட்சிப் பெயர் இல்லாத வரை தொடரலாம்.

ஏட்டுச்சுரைக்காய்

2017-18ஐ மூடியது தப்பு. குறை இருந்தா குறையோட வெளியிட்டு, பார்க்கிறவங்க பார்த்துக்கட்டும்னு விட்டிருக்கணும். பதினோரு வருஷ ஓட்டை விழுந்தது அதனால்தான்.

ஆனா 'படிவத்தை மாத்தி ஏழைகளை மறைச்சுட்டாங்க' என்பதை முழுசா ஏத்துக்க மாட்டேன். 2022-23ல் கேட்ட நாள் கணக்கு, 2011-12ல் சோதிச்ச அதே 7 நாள், 30 நாள், ஒரு வருஷக் கலப்பு முறைதான். அதனால்தான் உலக வங்கி பழைய வருஷத்தையும் அந்த முறைக்கு மாத்திப் போட்டிருக்கு. 3 டாலர் கோட்டில் 27.1லிருந்து 5.3. பழைய 2.15 கோட்டில் 16.2லிருந்து 2.3. 2011-12க்கான எண் முன்னாடி 22.5னு இருந்ததை 16.2 ஆக்கினதும் இந்த மாற்றம்தான். இதில் ஒளிவு மறைவு இல்லை.

மிச்சம் இருக்கிற சந்தேகம் வேற இடத்தில். 2022-23ல ஒரே தடவை உட்கார வச்சுக் கேட்காம, மூணு தடவை போனாங்க. உணவு ஒரு நாள், சோப்பு, போன், பஸ் செலவு இன்னொரு நாள், கட்டில் பீரோ ஒரு நாள். பட்டியலும் பெருசு. அக்கா, இதில் எவ்வளவு கூடும்?

கதவுதட்டி

நிச்சயமா கூடும். களைப்பு இல்லாம பதில் வரும்ல? ரெண்டாவது தடவை போறப்போ தண்ணி கொடுத்து உட்கார வைப்பாங்க, வாயும் திறப்பாங்க. இது நல்ல முறைதான், முந்தின முறையில் நிஜச் செலவு விட்டுப்போச்சு. ஆனா முந்தினதோட கழிச்சுப் பார்த்து 'இவ்வளவு முன்னேற்றம்' என்றால், அதில் கொஞ்சம் நாங்க கூடுதலா நடந்த நடையும் சேர்ந்திருக்கு.

இலவச அரிசி விஷயம் யாரும் பேசலையே. ரேஷனில் காசில்லாம வாங்கின அரிசிக்கு ஒரு விலை போட்டுச் சேர்த்து ஓர் எண், சேர்க்காம ஓர் எண் என 2022-23ல ரெண்டா வெளியிட்டாங்க. கிராமத்தில் ஆளுக்கு மாசச் செலவு 3,773 ரூபாய், இலவசங்களைச் சேர்த்தா 3,860. தமிழ்நாட்டில் 2011லிருந்தே ரேஷன் அரிசி இலவசம். அதுக்கு விலை போடாட்டி நம்ம வீட்டுச் செலவு கம்மியாத் தெரியும். ஆனா அரசுப் பள்ளிக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் விலையே போடலை. தனியார் ஆஸ்பத்திரியில் நகையை அடகு வச்சுக் கட்டின வீடு செலவுக் கணக்கில் 'வசதி'யா நிக்கும். பொது ஆஸ்பத்திரியில் அதே வைத்தியம் இலவசமாப் பார்த்த வீடு ஏழையா நிக்கும். இதை நான் படிவத்தில் எழுதும்போதெல்லாம் கை கூசும்.

பருத்திக்கொட்டை

விலைப் பக்கம் வாங்க. எத்தியோப்பியாவில் டெஃப் தானியத்தில் இஞ்செரா சுட்டுச் சாப்பிடறாங்க. இந்தியாவில் டெஃப் விக்கிற மளிகைக் கடையே இல்லை. எதை எதோட ஒப்பிட்டு 'ஒரே அளவுச் சாமான்' என்கிறீங்க?

ஏட்டுச்சுரைக்காய்

பொதுவாக் கிடைக்கிற பொருட்களை வச்சுப் பாலம் கட்டறாங்க. ஏழை எதை அதிகம் சாப்பிடறானோ அது பட்டியலில் இல்லாமப் போகலாம், அல்லது பட்டியலில் இருக்கிற ரகம் அந்த ஊர்ப் பணக்காரர் மட்டும் வாங்கறதா இருக்கலாம். இந்த விலை ஒப்பீட்டுத் திட்டம் 1968லிருந்து நடக்குது. சீனா 2005ல்தான் முதல்முறை கலந்துக்கிச்சு, அதுவும் 11 நகரங்களின் விலையோட. சீனாவில் நினைச்சதைவிட விலை அதிகம்னு தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி உலகத்தில் கடும் வறுமையில் 97 கோடிப் பேர்னு 2004க்கு மதிப்பிட்டிருந்தாங்க. புது விலை, புதுக் கோட்டில் 2005க்கு 140 கோடி. இடையில் யாரும் சோறில்லாமப் போகலை.

இந்த முறையும் அப்படித்தான். 2022க்கு உலகத்தில் 71.3 கோடி என்றிருந்தது 83.8 கோடியாச்சு. இந்தியாவின் புது ஆய்வு உள்ளே வராம இருந்தா இன்னும் மேலே போயிருக்கும்.

வன்னிக்காற்று

அப்ப டாலரை விட்டிட்டு, தேவை என்ன எண்டு நேராக் கணக்குப் போட்டால் என்ன? இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம், ஒரு உடுப்பு, ஒரு கூரை எண்டு?

ஏட்டுச்சுரைக்காய்

ராபர்ட் ஆலன்னு ஒரு பொருளாதார நிபுணர் 2017ல அதைத்தான் செய்தார். ஒவ்வொரு நாட்டிலும் அந்த ஊர் விலையில் தேவையான சத்தை மலிவா அடைய எவ்வளவு ஆகும்னு கணிதம் போட்டு, மேலே எரிபொருள், துணி, வாடகை சேர்த்தார். குளிர் நாட்டில் விறகும் கம்பளியும் இல்லாம உயிர் தங்காது, நமக்கு அது வேண்டாம். ஒரே டாலர் கோடு இதைப் பார்க்கவே பார்க்காது. எனக்குப் பிடிச்ச முறை. ஆனா கணினி சொல்ற மலிவான சாப்பாட்டை எந்த மனுஷனும் தினம் சாப்பிட மாட்டான், அது ஒரு குறை.

பருத்திக்கொட்டை

பல பரிமாண வறுமைக் குறியீடுதான் பதில் என்பேன். பள்ளி, கழிப்பறை, சமையல் எரிவாயு, ஊட்டச்சத்து. நேரடியாப் பார்க்கலாம், ஞாபகம் வேண்டாம், டாலர் வேண்டாம். நிதி ஆயோக் கணக்கில் 2015-16ல 24.85, 2019-21ல 14.96 சதவீதம்.

கதவுதட்டி

சிலிண்டர் இருக்கானு கேட்டா 'இருக்கு'. மூலையில் காலியா இருக்கு. அடுப்பில் விறகு எரியுது. அதையும் பார்த்திருக்கேன் தம்பி.

இடிமுழக்கம்

உலக வங்கித் தளத்துக்குள்ளே போய் நானே கோட்டை மாத்திப் பார்த்தேன். யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. 3 டாலருக்குப் பதிலா 4.20 போட்டா 2022-23ல் இந்தியா 23.9 சதவீதம். அடுத்த படிநிலை நாடுகளுக்கு அவங்களே வச்சிருக்கிற கோடு இது. ஃபார்வர்டு அனுப்பினவங்க இதை ஏன் போடலை?

ஏட்டுச்சுரைக்காய்

நல்லாப் பிடிச்சீங்க. ஆனா அதே 4.20ல் 2011-12 எண் 57.7. அதையும் சேர்த்தே சொல்லணும். ஒண்ணும் மாறலைனு பேசறவங்களுக்கும் அது இடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு கோட்டுக்கும் இடையில் இருக்கிற கூட்டம். 5.3க்கும் 23.9க்கும் நடுவில் சுமார் 26 கோடிப் பேர். இடைவெளி 1.20 டாலர், அதாவது நாளைக்கு 24 ரூபாய் சுமார். கோடு இவ்வளவு நெரிசலான இடத்தில் விழும்போது விலைக் கணக்கிலோ படிவத்திலோ சின்னப் பிசகு வந்தாலும் கோடிக்கணக்கில் ஆள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவாங்க. பொருளாதார நிபுணர் அந்தோணி அட்கின்சன் தலைமையிலான குழு 2016லேயே உலக வங்கியிடம் சொல்லிட்டது, எண்ணோட பிழை வரம்பையும் சேர்த்துப் போடுங்கனு. 5.3க்குப் பக்கத்தில் அப்படி ஒண்ணை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கலை.

கதவுதட்டி

24 ரூபாயா? எங்க ஊரில் அது ஒரு டீயும் ஒரு வடையும். வீட்டுக்காரர் வாசலில் இருக்கும்போது கேட்டா படிவத்தில் ஏறும், அவர் வேலைக்குப் போயிருந்தா ஏறாது. நாங்க போறது பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு.